கல்யாண மண்டபத்தைச் சுற்றிய கதை

டிராக்கில் குழுவாக ஓட்டும் சைக்கிள் பந்தயத்தில் முன்னால் போகிறவளுக்கு மட்டும் கண் இருந்தால் போதும். நாலு பெண்கள் ஒருவர் பின் ஒருவராக, சக்கரத்தோடு சக்கரம் உரசாத குறையாகப் போவோம். பின்னால் வருகிறவர்கள் தங்களுக்கு முன்னாலுள்ள சக்கரத்தை மட்டுமே பார்க்க வேண்டும். முன்னவள் களைத்ததும் ஒதுங்கிக் கடைசிக்குப் போவாள். அடுத்தவள் தலைமை ஏற்பாள். இந்த சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை மிதியும் சுற்றும், மிதியோடு காலும் சுற்றும். (இதை என் அம்மாவுக்கு இன்றுவரை புரியவைக்க முடியவில்லை. "பிரேக் இல்லாத வண்டிய எவன்ட்டி விக்குதான்?")

திருவனந்தபுரத்தில் பந்தயம். மதுரையிலிருந்து போகிற வழியில் தென்காசியில் எங்கள் வீட்டில் தங்கினோம். கோச் மேடம் இரண்டு நாள் கழித்து ரயிலில் வருவதாக ஏற்பாடு. "சைக்கிளை ரோட்டில் எடுக்காதீங்க" என்று போனில் சொல்லியிருந்தார்.

விடிந்ததும் நான்தான் ஆரம்பித்தேன். "சும்மா இருந்தா கால் இறுகிப் போவும். குத்தாலம் வரைக்கும் போயிட்டு வருவோம்."

"சீசன் இல்லியாட்டி? கூட்டமா இருக்குமே" என்றாள் எனக்கு அடுத்து ஓட்டும் ஜெபா.

"இந்நேரத்துக்கு எவன் வருவான்?"

ஊரே வந்திருந்தது. ஆனி மாதச் சாரல்; போதாததற்கு முகூர்த்த நாள். போகும்போது ஏற்றம், பிழைத்தோம். திரும்பும்போது இறக்கம். நான் முன்னால். சாலையின் குறுக்கே ஒரு சுற்றுலா வேன் திரும்பிக்கொண்டிருந்தது, எதிரே பஸ். இடப்பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசல், வாழைமரம் கட்டி, விரியத் திறந்திருந்தது. உள்ளே திருப்பினேன். மற்ற மூவரும், கற்றுக்கொடுத்தபடியே, என் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். (பயிற்சியில் ஒரு நாளும் வாய்க்காத ஒழுங்கு.)

மண்டபத்தைச் சுற்றிலும் சிமெண்டுத் தளம். வேகம் குறையும்வரை சுற்றுவதைத் தவிர வழியில்லை. முதலில் நாதஸ்வரம் தடுமாறியது. பிறகு தவில்காரர் எங்கள் வேகத்துக்கு வாசிக்க ஆரம்பித்தார். எனக்கு மூச்சு வாங்கவே, பழக்கதோஷத்தில் ஒதுங்கிக் கடைசிக்குப் போனேன். ஜெபா முன்னால் வந்தாள். கூட்டம் கைதட்டியது. துபாயில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையின் நண்பர்கள் ஏற்பாடு செய்த நிகழ்ச்சி என்று நினைத்துவிட்டார்கள்.

சமையல்கட்டுப் பக்கம் ஒரு தெரிந்த முகம். பட்டு வேட்டியில் அப்பா. (விடியுமுன்பே கல்யாணத்துக்கென்று கிளம்பினார், எந்த மண்டபம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.) தென்காசியில் இரும்புக்கடை வைத்திருப்பவர். என் பந்தயத்தைப் பற்றி அந்தக் கல்யாணத்தில் அவர் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

"அண்ணாச்சி, அது உங்க மக மாதிரில்லா இருக்கு?" என்று பக்கத்திலிருந்தவர் கேட்டது என் காதிலும் விழுந்தது.

"தெரியலியே" என்றார் அப்பா.

அடுத்த சுற்றில் மனசு கேட்காமல், "ஏட்டி, நில்லு" என்றார்.

"நிக்க முடியாதுப்பா" என்று சொல்லிக்கொண்டே அவரைக் கடந்தேன்.

மற்றவர்கள் மெல்ல நின்றார்கள். நான் வரவேற்பு மேசையில் மோதி நின்றேன். சந்தனமும் கற்கண்டும் என் மேல். மேசையருகே நின்ற அம்மாள் கடமை தவறாமல் பன்னீர் தெளித்து, "பொண்ணு வீடா, மாப்ள வீடா?" என்று கேட்டார். எங்கள் இறுக்கமான பந்தய உடையைக் கண்டு கூசிய பெரியவர் ஒருவர், ஆளுக்கொரு பொன்னாடையைப் போர்த்தி மூடினார். பொன்னாடையோடு பந்தியில் உட்கார்ந்தோம். கேசரியை இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். அப்பா வேறு பக்கம் பார்த்தார்.

வீடியோ அன்றே கோச்சின் போனுக்குப் போய்விட்டது. மறுநாள் ரயில் நிலையத்தில் திட்டு வாங்கத் தயாராக நின்றோம். அவர் திட்டவில்லை. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, "இடம் மாறுறது இவ்வளவு சுத்தமா இருக்கு. டிராக்ல மட்டும் ஏன் வரமாட்டேங்குது?" என்றார். பிறகு என்னிடம், "நீ இனிமே முன்னால கிளம்ப வேண்டாம்."

திருவனந்தபுரத்தில் கடைசி ஆளாகக் கிளம்பி, பாதியிலேயே பின்தங்கினேன். மூன்றாவது ஆள் முடிவுக்கோட்டைத் தொடும் நேரம்தான் கணக்கு என்பதால், நான் இல்லாமலே வெண்கலம் கிடைத்தது. எனக்கும் ஒன்று கழுத்தில் போட்டார்கள்.

அந்தப் பதக்கத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஆனால் போன மாதம் தங்கையின் கல்யாணத்துக்கு ஆட்கணக்கு கேட்ட சமையல்காரரிடம், அப்பா சிரிக்காமல் சொன்னார்: "நாலு இலை சேத்தே போடுங்க. சைக்கிள்ல ஆளு வந்தாலும் வருவாவ."