ஃபயர்பாக்ஸில் இருந்த தம்பி

பாஸ்வேர்டு கேட்டது.

ஜகதீசன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஆறு வருடமாக ஒரு நாள்கூட எதையும் கேட்காத கம்ப்யூட்டர், இன்று காலை ஆறு மணிக்கு மெயிலைத் திறந்ததும், முன்பின் தெரியாத ஆளை வாசலில் நிறுத்தி விசாரிப்பதுபோல் கேட்டது.

தப்பு அவருடையதுதான். முந்தின நாள் காஸ் புக் செய்யும் பக்கம் திறக்காமல் மக்கர் பண்ணியது. ரயில்வே ஒர்க்ஷாப்பில் கூட வேலை பார்த்தவர்களின் வாட்ஸப் குழுவில் யாரோ, குக்கீகளை ஒழித்தால் எல்லாம் சரியாகும் என்று போட்டிருந்தார்கள். விடுவாரா? ஃபயர்பாக்ஸின் செட்டிங்ஸுக்குள் புகுந்து, 'மூடும்போது குக்கீகளை அழிக்கவும்' என்ற கட்டத்தில் டிக் போட்டு, மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். குக்கீயோடு தம்பியும் போய்விட்டான்.

அந்த மெயில் அவருடையது அல்ல. நகரத்தின் மறுகோடியில், உப்பலில் இருக்கும் தம்பி கோவிந்தராஜனுடையது. ஆறு வருடத்துக்கு முன்னால், மகள் சாஹித்யாவின் கல்யாணப் பத்திரிகை ப்ரூஃபைக் காட்ட மாரெட்பள்ளியில் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்த தம்பி, இதே கம்ப்யூட்டரில் தன் மெயிலைத் திறந்தான். கல்யாணமே பண்ணிக்கொள்ளாமல் அந்தக் குடும்பத்துக்காக உழைத்த பெரியப்பாவின் பெயர், பெண்ணின் தாய்மாமன் பெயருக்குக் கீழே நாலாவது வரியில் இருந்தது. "ப்ரூஃப்தானேண்ணா, மாத்திக்கலாம்" என்று தம்பி கெஞ்சக் கெஞ்ச, ஜகதீசன் சொல்லக்கூடாததை எல்லாம் சொல்லித் தீர்த்தார். தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். மெயிலை மூடவில்லை.

அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது தப்பு என்று ஜகதீசனுக்குத் தெரியும். முதல் நாள் வாசல் கதவைச் சாத்திவிட்டுப் படித்தார். அப்புறம் பேப்பர் படிப்பதுபோல் தினமும் காலை ஆறு மணிக்குப் படித்தார்.

கோவிந்தராஜனுக்கு ஒரு கிறுக்குப் பழக்கம் இருந்தது. தன் பெயருக்கே மெயில் போட்டுக்கொள்வான். பேரன் தவழும் படம், சர்க்கரை டெஸ்ட் ரிப்போர்ட், மொட்டை மாடியில் காய்த்த பாகற்காய் என்று ஒன்று விடாமல். 'மறதிக்காரப் பயல், தனக்குத்தானே தபால் போட்டுக்கறான்' என்று ஜகதீசன் சிரித்துக்கொள்வார். அப்படி முதன்முதலில் போட்டுக்கொண்டது, திருத்திய கல்யாணப் பத்திரிகை. அதில் அவர் பெயர் முதல் வரியில் இருந்தது. நேரில் வந்து வெற்றிலைபாக்கோடு வைக்கட்டும் என்று காத்திருந்தார். யாரும் வரவில்லை. கல்யாணத்தன்று பட்டு வேட்டி கட்டிக்கொண்டு சாயங்காலம்வரை கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

தம்பிக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததும் மெயிலில்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிர் டீக்கடையில் இரண்டு நாள் நின்றுவிட்டு, உள்ளே போகாமல் திரும்பினார். உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

இப்போது அந்த ஒரு ஜன்னலும் சாத்திக்கொண்டது. டிக்கை எடுத்துப் பார்த்தார். போன குக்கீ வரவில்லை. அப்பா பெயர், சாஹித்யா பெயர், சொந்த ஊரான ஆற்காடு என்று ஒவ்வொன்றாகப் பாஸ்வேர்டு போட்டுப் பார்த்தார். ஐந்தாவது முறை, நீங்கள் மனிதர்தானா என்று நிரூபிக்கச் சொல்லி டிராஃபிக் விளக்குப் படங்களைக் காட்டியது. அதில் இரண்டு தடவை தோற்றார்.

கடை திறந்ததும், தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சபீனாவைக் கூப்பிட்டு வந்தார். அவள் அப்பாவும் அதே ஒர்க்ஷாப்தான்.

"யார் அக்கவுண்ட் அங்கிள் இது?"

"என்னுதுதான்."

"கோவிந்தராஜன்னு இருக்கே?"

"அது வீட்டுல கூப்பிடற பேரு."

சபீனா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பொறந்த வருஷம் சொல்லுங்க. பாஸ்வேர்டுல நிறைய பேர் அதைத்தான் வைப்பாங்க."

"ஐம்பத்தி ஒம்பது."

"போன மாசம் உங்க ஆதார் நான்தான் ஜெராக்ஸ் போட்டேன். அதுல ஐம்பத்தி நாலு."

"ஆதார்ல தப்பா போட்டுட்டாங்கம்மா."

அவள் பெருமூச்சு விட்டு, பழைய செஷனைத் திரும்பக் கொண்டுவரும் வழியை முயன்றாள். நேற்றைய பக்கங்கள் எல்லாம் வரிசையாக வந்தன. மெயில் பக்கம் மட்டும் பாஸ்வேர்டு கேட்டபடி வந்தது. கடையிலிருந்து ஆள் கூப்பிட, "நக்கோ அங்கிள், வேணாம், நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

தொடாமல் இருக்கிறவராக இருந்தால் இந்தக் கதையே இல்லை. மிச்சம் மீதி ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டி, 'எல்லா வரலாற்றையும் அழிக்கவும்' என்பதை அழுத்தினார். நேற்றைய பக்கங்களும் போயின. இதுவரை பாஸ்வேர்டு மட்டும் கேட்ட மெயில், இப்போது நீங்கள் யார் என்றும் கேட்டது.

திரும்பி வந்த சபீனா தலையில் கை வைத்தாள். முகவரியைத் தட்டி, 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்பதை அழுத்தினாள். "இதுதான் கடைசி வழி. இப்ப போனுக்கு ஒரு கோடு நம்பர் வரும். வந்துச்சா?"

ஜகதீசனின் போன் மேஜைமேல் சும்மா கிடந்தது. கோடு எங்கே போயிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. அவருக்கு வியர்த்துவிட்டது.

"கேன்சல் பண்ணும்மா."

"போன கோடை எப்படி திரும்பக் கூப்பிடறது? எதுக்கு இத்தனை டென்ஷன்? உங்க போனுக்குத்தானே வரும்?"

"என் தம்பி போனுக்குப் போயிருக்கும்." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஆறு வருஷமா அவன்கூடப் பேச்சு இல்ல. இதுல எட்டிப் பார்த்துதான் அவன் உசிரோட இருக்கான்னு தெரிஞ்சுக்குவேன். இப்ப திருடன்னு தெரிஞ்சுடும். இனிமே மூஞ்சியிலயே முழிக்க மாட்டான்."

சபீனா டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"பெரியப்பா? சாஹித்யா பேசறேன். ஆர் யூ ஓகே? உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

அவர் தூக்கி வளர்த்த பெண்ணின் குரல். "தப்பு பண்ணிட்டேம்மா. அப்பாவுக்குக் கோடு வந்ததே, அது நான்தான்..."

"கோடா? அது தெரியல. அப்பா அதுக்கு முன்னாடியே பதறிக்கிட்டு ஆட்டோ ஏறிட்டார், அங்கதான் வந்துட்டு இருக்கார். போனை வீட்லயே வச்சிட்டுப் போயிட்டார். எந்த கம்ப்யூட்டர்ல எப்ப மெயில் திறந்திருக்குன்னு அவருக்கு லிஸ்ட் வரும் பெரியப்பா. டெய்லி மார்னிங் 'அண்ணன் ஆறு மணிக்குத் திறந்துட்டாரு'ன்னு பாத்தப்புறம்தான் காபியே குடிப்பார். இன்னிக்கு நீங்க திறக்கல."

"அவனுக்குத் தெரியுமா?" என்றார் ஜகதீசன். "தெரிஞ்சுமா மூடாம வச்சிருந்தான்?"

"மூடிட்டா உங்களுக்கு எப்படி லெட்டர் போடறது? நேர்ல வந்தா கதவை சாத்திடுவீங்கன்னு அவருக்குப் பயம், அதான் தன் பேருக்குப் போட்டார். என் கல்யாணப் பத்திரிகையைக்கூட உங்களுக்கு அதுலதானே வச்சார், ஏன் பெரியப்பா நீங்க வரல?"