சட்டமும் மதியத் தூக்கமும்

மதியம் தூங்காத மனிதரை நம்பாதே என்பது எங்கள் முத்தியால்பேட்டை வீட்டின் எழுதாத சட்டம். சாப்பாட்டு வேளைக்கு இறக்கிய கடை ஷட்டரை அப்பா சாயங்காலம்தான் ஏற்றுவார். ஊரே அப்படித்தான். அந்த ஊரில் பிறந்த நான் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது காலவரையறைச் சட்டம். கெடு தாண்டி வழக்குப் போட வந்தால் கதவு சாத்தப்படும். தூங்குகிறவனுக்குச் சட்டம் துணை நிற்காது. எந்தத் தாமதத்துக்கும் மன்னிப்பே கூடாது என்று கடைசி அத்தியாயத்தில் வாளைச் சுழற்றியிருந்தேன் (வயசுக் கோளாறு).

யார் வேண்டுமானாலும் அரங்கில் வந்து உட்கார்ந்து கேட்கலாம் என்கிற வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. பட்டம் கிடைத்தால் சட்டக் கல்லூரியில் என் தற்காலிக வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். தேர்வாளராக வரவேண்டிய சென்னைப் பேராசிரியரின் பஸ் தாமதமாகி, காலையில் நடக்கவேண்டியது மதியத்துக்குப் போனது. அம்மா சும்மா இருப்பாளா? கறிக்குழம்பைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நானும் ஒரு பிடி பிடித்தேன்.

என் உரையை முடித்து மைக் முன்னால் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியே கடற்காற்று. பேராசிரியர் ஒரு கேள்வியை ஆரம்பித்தார். அது முடிகிற வழியைக் காணோம். மெல்லக் கடல் உள்ளே வந்தது. யாரும் பதறவில்லை. நாற்காலிகள் மிதந்தன. பேராசிரியர் வீராம்பட்டினத்து மீன்பிடிப் படகொன்றில் உட்கார்ந்து, கேள்விகளை ஒவ்வொன்றாக வலையிலிருந்து எடுத்துப் போட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். வாழ்நாளில் அவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. தண்ணீர் இதமாக இருந்தது. எங்கோ கைதட்டல் கேட்டது.

பேராசிரியர்தான் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அஞ்சு நிமிசம்மா, எழுந்துடறேன்" என்றேன். மைக் அதை அரங்கம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

முதல் வரிசையிலிருந்து அம்மா எழுந்தாள். "மன்னிச்சிக்குங்க சார். ராத்திரி பூரா படிச்சிருக்கு பொண்ணு. கறி வேற நாந்தான் ரெண்டாம் தரம் வச்சிட்டேன்." எனக்கு மறுபடியும் கடலுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தார். "உங்க பொண்ணு எழுதியிருக்கறபடி பார்த்தா, எந்தக் காரணத்துக்கும் மன்னிப்பு கிடையாதேம்மா."

"அது புக்குல இருக்கட்டும் சார். நீங்களுந்தான் பஸ் லேட்டுன்னு காலையில வரல. யாராவது ஒண்ணு சொன்னோமா?"

அரங்கம் சிரித்தது. பேராசிரியர் மட்டும் சிரிக்காமல் என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"அந்த அத்தியாயம் தப்பு சார்" என்றேன். அன்றைக்கு முழித்துக்கொண்டு சொன்ன ஒரே பதில்.

அப்போதுதான் அவர் சிரித்தார். அத்தியாயத்தை மாற்றி எழுதித் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு பட்டம் கிடைத்தது. தாமதத்தை மன்னிக்கப் போதிய காரணம் எது என்று மாதக்கணக்காக யோசித்து எழுதினேன். இன்று நானும் பேராசிரியர். நான் எழுதியதில் மற்றவர்கள் எடுத்துக்காட்டுவது அந்த ஒரு அத்தியாயத்தைத்தான்.

இப்போதும் சாயங்காலமானால் அம்மா காபியோடு வந்து கட்டிலருகே மேசையைத் தட்டுவாள். "போதிய காரணம் எதனா இருக்குதா?"

இருக்கிறது என்று சொல்லிவிட்டு, புரண்டு படுத்துக்கொள்வேன். அம்மா அஞ்சு நிமிஷம் தருவாள்.