அந்தோனியின் வேரில் உப்பு

சேசு மரி சூசை

ஊர்: எழுதப் பயமாக இருக்கிறது
15 மே 1943, சனிக்கிழமை ராத்திரி

மகா சங்கைக்குரிய பத்திராதிபர் சுவாமி அவர்களின் திருப்பாதங்களுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள் சுவாமி. அச்சுக் கோப்பவருக்கும் காட்டாதீர்கள். தங்கள் பத்திரிகையில் போட்டுவிடாதீர்கள். பத்திரிகைக்கு எழுதிவிட்டுப் போடாதே என்கிறாளே என்று தாங்கள் நினைக்கலாம். கேள்வியைப் போட வேண்டாம், விடையை மட்டும் போடுங்கள் என்பதுதான் என் விண்ணப்பம். கேள்வி இல்லாமல் விடை போடுவது வழக்கமில்லை என்றால், தூத்துக்குடியிலிருந்து ஒரு பெரியவர் கேட்கிறார் என்று போடலாம். அது பொய்யாகிவிடும் என்றால், தூத்துக்குடியில் யாராவது ஒரு பெரியவரைப் பிடித்துக் கேட்கச் சொல்லிவிட்டுப் போடலாம்.

தாங்களும் தங்கள் அச்சுக்கூடத்தில் உள்ளவர்களும் சரீர சுகத்தோடு இருக்க மன்றாடுகிறேன். யுத்தத்தினால் மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை. மாதா சுரூபத்தின் முன் எரிந்து மீந்த மெழுகுவர்த்தித் துண்டை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அது களவா என்று தனியாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை அடுத்த மாதம் கேட்கிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். அந்தோனி மட்டும் சாகக் கிடக்கிறான்.

அந்தோனி எங்கள் வீட்டு மூத்த மகன். அவன் ஒரு மாமரம்.

எங்கள் அப்பா அருள்சாமி, கல்யாணமான வருஷம் அந்தோனியார் திருநாளன்று கிணற்றோரம் நட்ட கன்று அது. அதன் பிறகு பிறந்த நாங்கள் மூவரும் பெண்கள். மூத்தவள் நான், லூர்துமேரி. (பெயரை அடித்துவிடுங்கள் சுவாமி.) வீட்டுக்கு வருகிறவர்கள் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் "ஒரு பையன், மூணு பொண்ணுங்க" என்பார் அப்பா. பையன் எங்கே என்றால் முற்றத்தைக் காட்டுவார். பாஸ்காத் திருநாளுக்கு எங்களுக்குப் பாவாடைத் துணி எடுக்கும்போது அவனுக்கும் ஒரு முழம் சிவப்புத் துணி எடுத்துக் கிளையில் கட்டுவார். ராத்திரிச் செபத்தில் எங்கள் பெயர்களுக்கு முன்னால் அவன் பெயர் வரும். நான் ஏதாவது எதிர்த்துச் சொல்லிவிட்டால், "அந்தோனியப் பாரு. பதினாறு வருஷமா ஒரு வார்த்த எதுத்துப் பேசியிருக்கானா?" என்பார். ஆனாலும் நானும் அவன் மேல் உயிரையே வைத்திருக்கிறேன். அவன் வேரில் உட்கார்ந்துதான் எல்லாப் பாடத்தையும் படித்தேன்.

போன வருஷம் அவன் பூ எல்லாம் உதிர்ந்து, ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. எங்களோடு இருக்கும் இன்னாசியம்மாள் அத்தை, அப்பாவின் அக்கா, ஜூன் மாதம் அந்தோனியார் திருநாளுக்குப் போனாள். கொடிமரத்தடியில் சனங்கள் உப்பும் மிளகும் கொட்டுவதும், அதில் ஒரு பிடியை வீட்டுக்கு எடுத்து வருவதும் தாங்கள் அறிந்ததே. அத்தை அந்த ஒரு பிடி உப்பை அந்தோனியின் வேரில் போட்டாள். அன்று ராத்திரி நல்ல மழை பெய்தது. ஒரு வாரத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர் விட்டான். உப்பைப் பற்றி ஊரே பேசியது. மழையைப் பற்றி யாரும் பேசவில்லை.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. அதற்கடுத்த ஞாயிறு எங்கள் பங்குச் சாமியார் பிரசங்கத்தில், வலக்கை செய்கிற தர்மம் இடக்கைக்குத் தெரியக்கூடாது, மறைவாகச் செய்கிறதற்கே பலன் என்றார். எங்கள் வீட்டில் எல்லோரும் அதை உருக்கமாகக் கேட்டார்கள். மறுநாள் கோழி கூப்பிடும் நேரத்தில் அப்பா மடியிலிருந்து ஒரு பிடி மந்திரித்த உப்பை எடுத்து வேரில் போட்டார். நான் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "உங்கம்மாகிட்ட சொல்லாத. வேண்டுதல்" என்றார். நான் பள்ளிக்குக் கிளம்பும்போது பாத்திரம் கழுவிவிட்டு வந்த அம்மா முந்தானையிலிருந்து ஒரு பிடி போட்டாள். "உங்கப்பாகிட்ட சொல்லாதடி, பலன் போயிடும்." சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் அத்தை வந்தாள். அவள் பிடி பெரியது. "எவகிட்டயாச்சும் சொன்ன, நாக்க இழுத்து வெச்சு அறுத்துடுவேன்." இப்படி நாள் தவறாமல், மூன்று வேளை, பத்து மாதம். தீரத் தீர ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கோயிலுக்குப் போய் உப்பை வைத்து மந்திரித்து எடுத்து வந்தார்கள். வலக்கை செய்தது இடக்கைக்குத் தெரியாமல் இருந்தது, ஆனால் மூன்று பேர் வலக்கையும் எனக்குத் தெரிந்தது. குழம்பில் உப்பே இல்லாமல் போயிற்று. கேட்டால் தபசுகாலம், ஒறுத்தல் என்றாள் அம்மா. பாஸ்கா முடிந்து மூன்று வாரம் ஆகிறது சுவாமி, இன்னும் ஒறுத்துக்கொண்டிருக்கிறோம்.

தை மாதத்தில் இலைகளின் ஓரம் சுட்ட அப்பளம் போலக் கருக ஆரம்பித்தது. கருகக் கருகப் பிடி பெரிதாகியது. மாசியில் இலை கொட்டியது. அப்போதுதான் பள்ளியில் எங்கள் சிஸ்டர் ஒரு பாடம் நடத்தினார்கள்: மண்ணில் உப்பு ஏறினால் செடி தண்ணீர் குடிக்க முடியாது, தண்ணீருக்குள்ளேயே நின்றுகொண்டு தாகத்தால் சாகும். எனக்கு அழுகை வந்துவிட்டது. சிஸ்டர் நல்ல பிள்ளை என்று மெச்சினார்கள். ஆனால் மூன்று பேருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறேனே என்று ஒரு மாதத்துக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் பெரிய வெள்ளிக்கிழமை ராத்திரிச் செபத்தில், அந்தோனிக்காக எல்லோரும் முழங்காலில் நிற்கும்போது, உப்புப் போடாதீர்கள், உப்புதான் அவனைக் கொல்கிறது என்று சொல்லிவிட்டேன். யார் போட்டார்கள் என்று சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு மூன்று பேரும் கோபித்தார்கள்.

"மந்திரிச்ச உப்ப விஷம்ங்கறியாடி?" என்று அத்தை எழுந்தே நின்றுவிட்டாள். "அருளு, கேட்டியாடா உம் மவ பேசறத? நான் அப்பவே சொன்னேன், பொட்டப் புள்ளைக்கு முதல் பாரம் படிப்பு எதுக்குன்னு. இவ பெரிய பள்ளிக்கூடம் போனது எந்த மாசம்? ஜூன் மாசம். அந்தோனிக்குக் கேடு வந்தது எந்த மாசத்துக்கு அப்பறம்? நீயே சொல்லு."

அப்பா விரல் விட்டு எண்ணினார். நான் பள்ளியில் சேர்ந்ததும் ஜூன் மாதம்தான், உப்பு வந்ததும் ஜூன் மாதம்தான். இரண்டில் ஒன்றைத்தான் குற்றம் சொல்லலாம் என்றால் உப்பைச் சொல்ல முடியாதல்லவா, அது மந்திரித்தது. நான் மந்திரிக்காதவள்.

"சரி," என்றார் அப்பா. "ஜூன் பதினாலு பள்ளிக்கூடம் தொறக்குது. அதுக்குள்ள அந்தோனி துளிர்த்தான்னா நீ போ. இல்லன்னா வூட்டோட கெட."

இப்போது தாங்களே சொல்லுங்கள் சுவாமி. நான் இரண்டாம் பாரம் படிப்பது ஒரு மாமரத்தின் கையில் இருக்கிறது.

இதோடும் நிற்கவில்லை. வத்தல்மலையிலிருந்து தேனும் சாமையும் கொண்டுவருகிற மல்லையன் தாத்தா சென்ற திங்களன்று வந்தார். வழக்கம்போல அந்தோனியின் கீழே சுமையை இறக்கினார். மேலே பார்த்தார், நிழல் இல்லை. கீழே குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினார்.

"ஏனுங்கம்மா, இது மண்ணுங்களா, ஊறுகாய்ங்களா?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அத்தை விடுவாளா? "மலைக்காரனுக்கு என்னப்பா தெரியும்? அது அந்தோனியார் உப்பு. வேதக்காரங்களுக்குத்தான் பலிக்கும்."

"பலிக்கட்டுங்க, நான் வேணாங்கல. ஆனா மரம் இன்னும் உங்க வேதத்துல சேரலீங்களே."

அவர் கேலிக்குத்தான் சொன்னார். தேனை அளந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அத்தை மட்டும் அப்படியே நின்றாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அருளு!" என்று ஒரு சத்தம். "அதான்டா! பேரு வெச்சோம், ஞானஸ்நானம் குடுத்தோமா?"

சாகக் கிடக்கிற குழந்தைக்குச் சாமியார் வர முடியாவிட்டால் வீட்டில் உள்ளவர்களே ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று ஞானோபதேசப் புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் அத்தை அப்படி ஏழு குழந்தைகளுக்குக் கொடுத்திருக்கிறாள், ஏழும் பிழைத்துக்கொண்டன. அதனால் அந்த விஷயத்தில் அவளை யாரும் எதிர்த்துப் பேச முடியாது. மரத்துக்குக் கொடுக்கலாமா என்று சாமியாரைக் கேட்கலாமே என்றாள் அம்மா. "கேட்டா வேணாம்பார். அப்பறம் குடுத்தா பாவம். கேக்காம குடுத்தா பாவமில்ல," என்றாள் அத்தை. ஜூன் பதின்மூன்று, ஞாயிறு, அந்தோனியார் திருநாள் என்று நாளும் குறித்தாகிவிட்டது. ஞானஸ்நானத்தில் குழந்தையின் நாக்கில் ஒரு கல் உப்பு வைப்பார்கள் அல்லவா? அந்தோனிக்கு நாக்கு இல்லாததால் வேரில் வைப்பது என்று முடிவாயிற்று. எவ்வளவு வைப்பது?

"படிச்சவதான நீ, கணக்குப் போட்டுச் சொல்லு," என்றாள் அத்தை.

நானும் போட்டேன். ஆறு ராத்தல் குழந்தைக்கு ஒரு கல். மரம் மூவாயிரம் ராத்தல் இருக்கும் என்று அப்பா சொன்னார். ஐந்நூறு கல். பானையிலிருந்து எண்ணி எடுத்துக் காட்டினேன். இரண்டு கைப்பிடி வந்தது.

அத்தை அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "இவ்ளோதானா? இதுக்காடா இவ தெனம் மூணு மைல் நடந்து போயி படிச்சா?" என்று சொல்லிவிட்டு, நல்லம்பள்ளி சந்தையில் ஒரு மூட்டை உப்புக்குச் சொல்லிவிட்டாள். அப்பா அந்த இரண்டு கைப்பிடியை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகையால் சுவாமி, தங்கள் பத்திரிகை ஜூன் முதல் ஞாயிறு இங்கே வந்து சேரும். பூசை முடிந்ததும் உபதேசியார் கோயில் வாசலில் நின்று கேள்வி விடைப் பகுதியை உரக்க வாசிப்பார். அச்சில் வந்தது எதையும் அத்தை மறுத்ததில்லை. இப்படிப் போடுங்கள்: ஒன்று, மந்திரித்த உப்பானாலும் மரத்தின் வேரில் போட்டால் மரம் சாகும். இரண்டு, மரத்துக்கு ஞானஸ்நானம் கிடையாது. மூன்று, பெண்பிள்ளை படிப்பதற்கும் மாமரம் வாடுவதற்கும் சம்பந்தம் இல்லை. மூன்றாவதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். கடிதத்தை மல்லையன் தாத்தாவிடம் கொடுத்துத் தர்மபுரி தபால் பெட்டியில் போடச் சொல்லப் போகிறேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது, அதனால் யாரிடமும் சொல்ல மாட்டார்.

தங்கள் ஆசீர்வாதத்தை எனக்கும், என் தங்கைகளுக்கும், அப்பா அம்மாவுக்கும், அந்தோனிக்கும், மிச்சம் இருந்தால் அத்தைக்கும் அனுப்பும்படி முழங்காலில் நின்று கேட்கும்,

கீழ்ப்படிதலுள்ள ஊமைப் பிள்ளை,
ஒரு சகோதரி

பின்குறிப்பு: சுவாமி, மேலே எழுதியவை எதையும் போட வேண்டாம். ஒரு வரிகூட வேண்டாம்.

தங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். பதினோரு நாளாக, அத்தையின் குறட்டை கேட்ட பிறகு, நான் கிணற்றில் சேந்தி இருபது குடம் தண்ணீர் அந்தோனிக்கு ஊற்றி வருகிறேன். உப்பைக் கழுவிவிட வேறு வழி தெரியவில்லை. மந்திரித்த உப்பைக் கழுவுவது பாவமாக இருக்குமோ என்று பயந்து எழுதவில்லை. இன்று கடிதம் எழுத உட்கார்ந்ததில் நேரமாகிவிட்டது. இப்போதுதான் மெழுகுவர்த்தியோடு போனேன். தாழ்ந்த கிளை நுனியில், செம்பு நிறத்தில், என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு மூன்று துளிர். மூன்று தடவை எண்ணினேன், மூன்றுதான்.

காலையில் அத்தை பார்ப்பாள். உப்பு பலித்தது என்பாள். பலித்ததாகவே இருக்கட்டும் சுவாமி, நான் பள்ளிக்கூடம் போனால் போதும். உப்பு கெடுதி என்று தாங்கள் போட்டால் அது யார் எழுதிக் கேட்டது என்று உடனே தெரிந்துவிடும். அதனால் மந்திரித்த உப்பு மரத்துக்கு மகா நல்லது என்றே போடுங்கள். துளிர் விட்ட பிறகும் போட்டால் மட்டும் அந்தோனியாரை நம்பாததாக ஆகும், அவருக்கு வருத்தம் வரும் என்று போடுங்கள். மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவாள். இது பொய் என்றால் என் பங்கை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன், தங்கள் பங்கைத் தாங்கள் சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொன்று. நான் ஊற்றுவதற்கு முன்னாலேயே வேரடி மண் முழுக்க நனைந்திருந்தது. மழை இல்லை. பாத்தி நிறையத் தண்ணீர் நின்றது. குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டேன். தங்கள் பத்திரிகையில் அற்புதங்கள் என்று ஒரு பகுதி வருகிறதே, அதில் இதைப்

சுவாமி, கதவைத் தட்டுகிறார்கள்.

அப்பா. மெதுவாகப் பேசுகிறார். "லூர்து, தூங்கற மாதிரி நடிக்காத, வெளிச்சம் தெரியுது. பதினோரு நாளா பாத்துக்கிட்டுதான் இருக்கேன். இன்னைக்கு உன்னக் காணோமேன்னு நானே சேந்தினேன், நீ திடீர்னு வந்ததும் அந்தோனி பின்னால ஒளிஞ்சிக்கிட்டேன். முதுகு பிடிச்சிக்கிச்சு. வா, இன்னும் ஏழு கொடம் பாக்கி. சத்தம் போடாத, உங்க அத்த முழிச்சான்னா நம்ம ரெண்டு பேருக்கும்..."