இங்கு சிறை உடைத்துத் தரப்படும்

போனை எனக்கு விற்றுவிட்டு, அதன் சாவியை உங்கள் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டவர்கள் நீங்கள். கம்பனிக்காரரே, உங்களைத்தான் சொல்கிறேன். பெயரை எழுதினால் பத்திரிகை ஆசிரியர் நடுங்குவார், அதனால் விடுகிறேன். போனையும் நீங்களே செய்து, அதற்குச் செயலி விற்கும் கடையையும் நீங்களே வைத்து, வேறு எவனும் வாசலில் கால் வைக்கக்கூடாது என்று பூட்டுப் போட்டீர்கள்.

அந்தப் பூட்டைப் பட்டப்பகலில் உடைத்துவிட்டு, கடை வாசலில் பால் விடாத பிளேன்ரீ குடித்துக்கொண்டு நின்ற ஒரே மனிதர், ரொறன்ரோவில், சிறையுடைப்பர்தான். சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்கே மறந்திருக்கும். மில்லிக்கன் பக்கம், கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு பிளாசா மூலையில், மீன் கடைக்கும் சலூனுக்கும் நடுவில், போன் திருத்தும் கடை வைத்திருந்தார். கம்பனிப் பூட்டை உடைப்பதை ஆங்கிலத்தில் 'ஜெயில்பிரேக்' என்பார்கள். மனிதருக்குத் தமிழ்ப்பற்று. கடைக் கண்ணாடி முழுக்கப் பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டார்: 'இங்கு சிறை உடைத்துத் தரப்படும்.'

ஊரில் யுத்தம் முடிந்து சில கிழமைகள் ஆகியிருந்தன. என் தம்பி வவுனியாப் பக்கம் ஒரு முகாமில், முள்ளுக்கம்பிக்குள் இருந்தான். உயிரோடு இருக்கிறான் என்று யாரோ சொன்னார்கள். குரலைக் கேட்காமல் நான் எப்படி நம்புவது? முகாமில் ஒருவர் ஒளித்து வைத்திருந்த போன் நம்பர் கிடைத்தது. கோலிங் காட் போட்டு அடித்தால், 'ஹலோ' சொல்வதற்குள் அறுந்துவிடும். அந்த நிலையில்தான் பஸ்ஸில் போகும்போது அந்த எழுத்து என் கண்ணில் பட்டது. அடுத்த தரிப்பிடத்தில் குதித்தேன்.

உள்ளே போனபோது அவர் யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். "உங்கட ஆள் வெளியில வந்திட்டார். வந்து கூட்டிக்கொண்டு போங்கோ."

நேரே அவருடைய மேசைக்குப் போனேன்.

"அண்ணை, மெய்யாவே உங்களால சிறை உடைக்க ஏலுமோ?"

"ஓம் தங்கச்சி. அரை மணித்தியாலம் இருங்கோ."

"அரை மணித்தியாலமோ! ஆமி பாக்காதோ?"

"ஆமிக்கு உதில என்ன வேலை? கம்பனிக்குத் தெரியாட்டிக் காணும்."

"எந்தக் கம்பனி? காவலுக்கு நிக்கிற கம்பனியோ?"

"அவங்கள்தான். வாசலிலயே நிண்டு, யார் வாறது, யார் போறதெண்டு பாத்துக்கொண்டிருக்கிறாங்கள். ஆனால் ஒண்டு. உடைக்கேக்க உள்ளுக்க இருக்கிறது சிலவேளை அழிஞ்சுபோகும். கொப்பி எடுத்து வைச்சிருக்கிறியளோ?"

"உள்ளுக்க இருக்கிறது என்ர தம்பியண்ணை!" என்று கத்தி, அவனுடைய படத்தை மேசையில் அடித்து வைத்தேன்.

முடி வெட்டிக்கொண்டிருந்த சலூன்காரன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "பொத்தடா வாயை!" என்றார் சிறையுடைப்பர். படத்தைப் பார்த்தார். கண்ணாடி எழுத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"பிழை என்ர தங்கச்சி. 'போன்' எண்டொரு சொல்லுப் போட இடம் காணாமல் போச்சுது." பிறகு, "நம்பர் இருக்கோ?" என்றார்.

"இருக்கு. லைன்தான் நிக்குதில்லை."

"அப்ப உங்கட போனைத் தாங்கோ. கம்பியை என்னால உடைக்கேலாது. குரலை வெளியில எடுக்கப் பாப்பம்."

இன்டர்நெட் வழியாகத் தெளிவாகப் பேச ஒரு சின்ன நிறுவனம் செயலி செய்திருந்தது. அதற்குத்தான் உங்கள் கடையில் இடமில்லை என்றீர்கள். சிறையுடைப்பர் பூட்டை உடைத்து, அதை ஏற்றி, நம்பரை அடித்து என் கையில் தந்தார். பிறகு வாசலில் போய் நின்று, வந்த சனத்தையெல்லாம் மீன் கடைக்குத் திருப்பி அனுப்பினார்.

"அக்கா," என்றான் தம்பி. "பக்கத்தில நிக்கிற மாதிரிக் கேக்குது. ஏன் கத்துறாய்?"

நான் நிலத்தில் குந்திவிட்டேன். அவ்வளவு நாளும் நெஞ்சில் ஏறி இருந்த ஏதோ ஒன்று எழும்பிப் போனது.

அதற்குப் பிறகு சிறையுடைப்பரின் தொல்லை தாங்க முடியவில்லை. கம்பனி அப்டேட் அனுப்பினால் பூட்டுத் திரும்ப விழுந்துவிடும் என்று, நான் வேலை செய்யும் ஃபக்டரிக்கே போன் எடுப்பார். 'எமர்ஜென்சி' என்று சொல்லி என்னை மெஷினிலிருந்து கூப்பிடுவிப்பார். "தங்கச்சி, அப்டேட் போடவோ எண்டு போன் கேக்கும். நோ எண்டு அமத்துங்கோ!" அப்படியும் ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் 'யெஸ்' அமத்திவிட்டேன். செயலி போய்விட்டது. உங்கள் பாதுகாப்புக்காக என்று திரையில் ஒரு வரி நின்றது.

"கதவைத் திறந்து நீங்களே உள்ள போய்க் குந்தினால் நான் என்ன செய்யிறது?" என்று ஏசி ஏசித்தான் மறுபடி உடைத்துத் தந்தார்.

பாதுகாப்பு. முகாமில் என் தம்பிக்கும் அதைத்தான் சொன்னார்கள். கம்பியும் போனும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும், யாரும் கடிதம் எழுத வேண்டாம். கள்ளச் செயலிகள் உண்டு என்பதும் தெரியும். என் வீட்டுக்கும் பூட்டு இருக்கிறது. அதன் சாவி என்னிடம் இருக்கிறது.

மாதங்கள் கழித்துத் தம்பியை விட்டார்கள். முதலில் சிறையுடைப்பருக்குத்தான் போன் எடுத்தேன்.

"அண்ணை, என்ர ஆள் வெளியில வந்திட்டார்."

மூக்கு உறிஞ்சுவது கேட்டது. பிறகு சொன்னார்: "இனி யார் என்ன கேட்டாலும் தம்பியை நோ எண்டு அமத்தச் சொல்லுங்கோ."

பிற்காலத்தில் அதே மாதிரிச் செயலிகளை நீங்களே உங்கள் கடையில் அடுக்கி வைத்தீர்கள். அப்படியென்றால் அன்றைக்கு ஏன் மறுத்தீர்கள்? எங்களைக் காப்பாற்றவா, உங்கள் கடையைக் காப்பாற்றவா? இதே பத்திரிகையில், எல்லாரும் வாசிக்கப் பதில் எழுதுங்கள். பதிலோடு ஒரு மன்னிப்பும் வருமென்றால் அதை எனக்கு அனுப்ப வேண்டாம். மீன் கடைக்குப் பக்கத்தில், இன்னும் அந்த எழுத்தைக் கழற்றாமல் ஒருவர் இருக்கிறார். அவருக்கு அனுப்புங்கள்.