அங்கீகரிக்கப்பட்ட காதலும் நூறு கஜச் சேறும்

விளையாட்டு ஒழுங்காக நடக்க விதி வேண்டும் என்பதை நாங்கள் ஒருபோதும் மறுத்ததில்லை. விதியை மதிக்கிற ஆட்டக்காரன் வேண்டும் என்று நாங்கள் நினைத்தோம். விதியைக் காக்கிற அதிகாரி வேண்டும் என்று மேலிடத்தார் நினைத்தார்கள். அதிகாரிகள் எளிதாகக் கிடைக்கிறவர்கள் என்பதால் மேலிடத்தார் நினைத்ததே நடந்தது.

ஒஹாயோவில் எங்கள் ஊர் ஆஷ் ரன். வாரத்தில் ஆறு நாள் நிலக்கரி வெட்டுவோம். ஞாயிறன்று கூலிக்குக் கால்பந்து ஆடுவோம். பெயர்தான் கால்பந்து. பந்து கக்கத்தில் இருக்கும். காலுக்கு வேலை எதிராளியின் விலா எலும்பில். தலைக்குத் தோல் தொப்பி உண்டு. அதற்குள் காப்பாற்றும்படி ஏதாவது இருந்தால் இந்த ஆட்டத்துக்கு வருவானா என்று பெண்கள் கேட்பார்கள்.

அந்த வருஷம் இலை உதிரும் காலத்தில் ஊர்க் கொட்டகைக்கு ஒரு காதல் சினிமா வந்தது. கதை எங்கள் ஆட்டத்தைப் பற்றியதுதான். நாயகன் ஒரு கையால் பந்தைப் பிடிப்பான், மறு கையால் நாயகியை. படம் முடிகிறவரை அவன் கால்சட்டையில் பொட்டுச் சேறு ஒட்டவில்லை. சனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் நம்பிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு மைதானத்தில் நாங்கள் ஜெயித்த பிறகும் கூட்டம் கலையவில்லை. நாயகி எங்கே என்று கேட்டது.

லீக் தலைமை அலுவலகம் கூடி, ஆழ்ந்து ஆலோசித்து, சுற்றறிக்கை விட்டது. பொதுமக்களின் நியாயமான எதிர்பார்ப்பை முன்னிட்டு, இப்பருவம் முதல் ஒவ்வொரு அணியும் தகுதியுள்ள காதல் ஒன்றைப் பராமரித்து வர வேண்டும். தவறும் அணி நீக்கப்படும். இதை மேற்பார்வையிடக் காதல் ஆய்வாளர் ஒருவரும் நியமனமானார். பெயர் கிளாரன்ஸ் திசில்வுட். பிரம்மச்சாரி. கையில் குடை, கழுத்தில் விசில்.

எங்களுக்குக் கவலையில்லை. முன்வரிசையில் ஆடுகிற ஸ்லோவாக்கியன் ஒந்த்ரேயும், சுரங்கத்தார் தங்கும் விடுதியில் சமைக்கிற மர்கீதாவும் கல்யாணத்துக்குத் தயாராக இருந்தார்கள். சர்ச்சில் பாதிரியார் இரண்டு ஞாயிறு கல்யாண அறிவிப்பு வாசித்தாயிற்று. மூன்றாவது அறிவிப்பு முடிந்தால் மோதிரம் மாற்ற வேண்டியதுதான். ஆய்வாளரை விடுதிச் சமையலறைக்கே கூட்டிப் போனோம்.

"உங்க காதலுக்கு என்ன தடை?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க. எல்லாருக்கும் சம்மதம்," என்றான் ஒந்த்ரே.

"அப்ப இது காதல் இல்ல, கல்யாணம். செல்லாது."

செல்லாததோடு விடவில்லை. காதல் என்ற பெயரில் கல்யாணம் நடத்தி லீக்கை ஏமாற்ற முயன்றதால், கல்யாணத்துக்கே தடை போட்டார். மர்கீதா முட்டைக்கோஸ் சூப்பைக் கிளறிக்கொண்டே திரும்பினாள்.

"கல்யாணத்த நிறுத்திட்டீங்களா ஐயா?"

"நிறுத்தியாச்சும்மா."

"அப்ப இப்போ தடை இருக்கில்ல?"

ஆய்வாளர் விதிப்புத்தகத்தை இரண்டு முறை புரட்டினார். இருந்தது. காதல் அங்கீகரிக்கப்பட்டது.

நிபந்தனைகளும் வந்தன. ஒவ்வொரு ஆட்டத்தின் இடைவேளையிலும் இருவரும் மக்கள் முன்னிலையில் ஊட வேண்டும். கடைசி ஆட்டத்தில் வெற்றி கிடைத்ததும், விசில் ஊதிய பின், ஒரு முத்தம். அதன் பிறகே கல்யாணம். தோற்றால் காதல் அடுத்த பருவத்துக்கு எடுத்துச் செல்லப்படும்.

முதல் ஞாயிறு ஊடல் பள்ளிக்கூட நாடகம் மாதிரி இருந்தது. மூன்றாம் ஞாயிறுக்குள் மர்கீதாவுக்கு உண்மையான காரணங்கள் கிடைத்துவிட்டன. அவன் குறட்டையில் தொடங்கி அவன் அம்மா வரைக்கும் போனாள். பக்கத்துப் பள்ளத்தாக்குகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். முன்னேற்றம் திருப்திகரம் என்றார் ஆய்வாளர்.

கடைசி ஆட்டம் மில்ஃபோர்க் சுரங்கத்தாரோடு. விடியலிலிருந்து மழை. நூறு கஜமும் சேறு. சற்று நேரத்தில் எந்தச் சட்டை எந்த அணி என்று நடுவருக்கே தெரியவில்லை. பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்தவனை ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பார்த்துத்தான் வென்றது நாங்கள் என்று அறிவித்தார். திசில்வுட் விசில் ஊதினார். மர்கீதா ஓடினாள். நின்றிருந்த சேற்று உருவங்களில் அகலமானதைத் தேர்ந்தெடுத்து முத்தமிட்டாள். அது வெல்ஷ் மொழியில் கர்த்தரைக் கூப்பிட்டது. மில்ஃபோர்க் அணியின் க்விலிம் பிராசர், ஐந்து பிள்ளைகளின் தகப்பன்.

"மர்கீதா, நான் இங்க இருக்கேன்," என்றது பக்கத்து உருவம்.

"முன்னாடியே கத்தித் தொலைக்கறதுக்கென்ன?"

"வாயெல்லாம் சேறு."

விசிலுக்குப் பின் கொடுத்த முத்தத்தைத் திரும்பப் பெற விதியில் இடமில்லை என்றார் ஆய்வாளர். ஆகவே மர்கீதாவின் அங்கீகரிக்கப்பட்ட காதலர் இனி பிராசர்தான். பிராசருக்குப் பெண்டாட்டி இருக்கிறாளே என்று கேட்டோம்.

"அது தடை," என்றார் திசில்வுட் மகிழ்ச்சியோடு. "சொல்லப்போனா, இதுதான் உங்க காதலைவிடத் தரமான காதல்."

சுரங்கத்தில் கூரையைத் தாங்க முட்டு மரம் போதவில்லை. மரம் கேட்டு நாங்கள் வருஷக்கணக்காகத் துண்டறிக்கை அடித்து, வாசலில் நின்று தொண்டை வறளக் கத்தியிருக்கிறோம். இரண்டு பேரைப் புதைத்தும் இருக்கிறோம். அதற்காக ஒருவரும் பிக்காசைக் கீழே வைத்ததில்லை. அந்தத் திங்கட்கிழமை, முத்தத்துக்காக, ஒருவரும் அதைக் கையில் எடுக்கவில்லை. ஆஷ் ரன் நின்றது. மில்ஃபோர்க்கும் நின்றது, அங்கே ஊர்வலத்துக்குத் தலைமை பிராசரின் மனைவி.

சுரங்கக் கம்பெனி நடுங்கிப்போனது. மாலைக்குள் மேலாளர் லீக்கோடு தொலைபேசியில் பேசி முடித்து, வாசலுக்கு வந்து தொப்பியைக் கழற்றினார். தவறான முத்தம் ரத்து. சரியான முத்தத்துக்கும் கல்யாணத்துக்கும் அனுமதி.

"வேற ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

வாழ்நாளெல்லாம் நாங்கள் காத்திருந்த கேள்வி. எங்கள் சங்கச் செயலாளர் தொண்டையைச் செருமினார். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "முத்தத்த இன்னைக்கே குடுக்கச் சொல்லுங்க. கடைசியில நிக்கறவங்களுக்கும் தெரியற மாதிரி மேடை போட்டுக் குடுங்க."

கூட்டம் தொப்பிகளை வீசி ஆமோதித்தது. மேலாளர் உடனே ஒப்புக்கொண்டு கிடங்கைத் திறந்துவிட்டார். உள்ளே கூரை மட்டம் வரை அடுக்கியிருந்தது, முதல்தரமான முட்டு மரம். ஆளுக்கொன்று தோளில் சுமந்துவந்து மேடை கட்டினோம். எங்கள் கைவேலை சோடை போகாது. ஐம்பது பேர் ஏறினாலும் அசையாது.

மர்கீதா ஏறினாள். ஒந்த்ரேயின் கழுவிய முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து, காலடி மரத்தை ஒருமுறை மிதித்துப் பார்த்தாள்.

"இவ்வளவு நல்ல மரம் இவங்ககிட்ட இருந்துச்சா?" என்று எங்களைக் கேட்டாள். "இத மேல போட்டு மிதிக்கறீங்களே, நாளைக்கு இவன் எந்தக் கூரைய நம்பி அடியில போய் வெட்டப் போறான்?"

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் தாயி," என்றது கூட்டம். "முதல்ல முத்தத்தக் குடு. கொஞ்சம் இந்தப் பக்கமாத் திரும்பிக் குடு."

கொடுத்தாள். செயலாளர்தான் முதலில் கைதட்டினார்.