கோணமூக்கு உள்ளானும் உங்கள் மாப்பிள்ளையும்

அன்பும் மரியாதையும் நிறைந்த கிளெமென்ட் அண்ணனுக்கு,

திண்டுக்கல்லிலிருந்து தங்கை ஜெயமேரி எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம். நான் மட்டும் சுகமில்லை. அதற்குக் காரணம் நீங்கள். மஸ்கட்டில் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். உங்களுக்கும் வேண்டிக்கொள்வதா என்பதைக் கடிதம் முடிந்தபின் யோசிக்கிறேன். போனில் சொன்னால் இவர் காதில் விழும் என்பதால்தான் காகிதம்.

உங்கள் மாப்பிள்ளை வங்கியிலிருந்து ஓய்வுபெற்றபோது ஆசையாகக் கேமரா அனுப்பினீர்களே, அதற்குப் பதில் ஒரு கிடாயை அனுப்பியிருந்தால் பிரியாணியாவது போட்டிருப்போம். முதலில் மொட்டைமாடிக் காக்காயைப் படம் பிடித்தார், பொறுத்துக்கொண்டேன். பிறகு ரொனால்டு என்பவர் தலைவராக இருக்கும் பறவைப் படக்காரர் சங்கத்தில் சேர்ந்தார். அங்கே பேச்சு முழுக்கப் பறவைகளின் நலம் பற்றித்தான். இவர்களால் எந்தப் பறவைக்காவது நலம் கிடைத்ததாகத் தகவல் இல்லை. உடம்பெல்லாம் இலை அச்சடித்த சட்டை போட்டுக்கொண்டு, எருமை மாதிரிச் சேற்றில் படுத்தால்தான் கலைஞர் என்று அங்கே ஒரு நினைப்பு.

போன ஞாயிறு நம் வினோலியாவின் மகளுக்கு ஞானஸ்நானம். எத்தனை வருஷம் காத்திருந்து பிறந்த பிள்ளை என்று உங்களுக்கே தெரியும். சம்பந்தி வீட்டார் முழுசாக வந்து இறங்கிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துச் சங்கத்தின் வாட்ஸப்பில் செய்தி: செம்பட்டிப் பக்கம் ஒரு கண்மாயில் கோணமூக்கு உள்ளான் வந்திருக்கிறதாம். கறுப்பும் வெள்ளையுமாக, மேல்நோக்கி வளைந்த மூக்கோடு எங்கிருந்தோ வரும் பறவை. நம் பக்கம் தென்படுவதே அபூர்வமாம். அதுவும், தண்ணீரில் விழும் அதன் நிழலும் சேர்ந்து ஒரே படத்தில் வரவேண்டுமாம். "ஏய் மேரி, செத்த நேரம். பூசைக்கு முன்னாடி வந்துருறேன்" என்று புதுவேட்டியோடு ஸ்கூட்டரில் கிளம்பினார். சாமியார் வந்தார், ஞானப்பெற்றோர் வந்தார்கள், தாத்தாவைக் காணோம். "அப்பா வராம தண்ணி ஊத்த விடமாட்டேன்" என்று வினோலியா கண்ணைக் கசக்கினாள். சம்பந்தியம்மா, "பேத்தியவிடப் பறவை பெருசு போல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னார். பட்டுச்சேலையோடு ஆட்டோ பிடித்தேன்.

கண்மாய்ச் சேற்றில் ஐந்தாறு பெரிய மனிதர்கள் குப்புறக் கிடந்தார்கள். போலீசுக்குச் சொல்லலாமா என்று யோசிக்கும்போதுதான் அதில் ஒரு வேட்டி நம் வீட்டு வேட்டி என்று தெரிந்தது. எதிரே அந்தப் பறவை. ஒற்றைக் காலில் நின்று, மூக்கை முதுகுச் சிறகுக்குள் செருகித் தூங்கிக்கொண்டிருந்தது, அண்ணா! எந்த மூக்குக்காக இத்தனை பேர் மூக்கு வரை சேறானார்களோ, அதை மட்டும் காட்டவில்லை.

"யம்மா, செவப்புச் சேலையோட நிக்காதீங்க, மிரண்டுரும். உக்காருங்க!" என்று ரொனால்டு அதட்டினார்.

"எங்கய்யா உக்கார? சோபாவா போட்டிருக்கீக?" என்றேன்.

பறவை மிரளுமே என்று இம்புட்டுக் கவலைப்பட்ட அதே மனுஷன், கையில் ஒரு மண்ணாங்கட்டியை எடுத்தார். "ஒண்ணு போட்டா முழிச்சுரும். மூக்க நீட்டுறப்ப எல்லாரும் அமுக்குங்க."

மேலதிகாரியிடமோ, என்னிடமோ, ஏன், கேபிள்காரரிடமோகூட இதுவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத உங்கள் மாப்பிள்ளை எழுந்து நின்றார். "வேணாம் சார். எங்கிட்டிருந்தோ பறந்து வந்து அசந்து தூங்குது. அதுவா எந்திரிக்கட்டும்."

"தாஸ், ஃப்ரேம்ல நிக்காதீங்க, நெழலு கலங்குது!" என்று இவரைப் பார்த்துக் கத்தினார் ரொனால்டு.

இவர் கேட்கவில்லை. பறவைக்கும் தலைவருக்கும் நடுவே நாலு எட்டு வைத்தார். அடுத்த எட்டில் தொடை வரை உள்ளே போனார். மண்ணாங்கட்டி இவர் நெற்றியில் விழுந்தது, கேமரா சேற்றில் விழுந்தது, இழுத்துவிடப் போய் நானும் விழுந்தேன். பட்டு போச்சு. இத்தனை அமளியிலும் அந்தப் பறவை காலை மாற்றிக்கொண்டு தூக்கத்தைத் தொடர்ந்தது.

சேறு சொட்டச் சொட்டக் கோயிலுக்குள் போனோம். சாமியார் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மொதல்ல யாருக்கு ஞானஸ்நானம்?" என்று கேட்டார். சம்பந்தியம்மாவைத் தவிர கோயிலே சிரித்தது. வினோலியா அப்பாவின் நெற்றியைத் துடைத்துவிட்டு, அந்தச் சேற்றுக் கையிலேயே பிள்ளையைக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலமே இவரைச் சங்கத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். பறவைக்குத் தொந்தரவு கொடுத்தாராம்! கட்டி எறிந்தவர் அடுத்த வாரம் ஒரு கல்லூரியில் பறவைப் பாதுகாப்பு பற்றிப் பேசப் போகிறார். இவரோ, "விடு மேரி, அது தூங்குச்சுல்ல" என்கிறார்.

ஆகையால் அண்ணா, கோழிக்குழம்பு தவிர இனி இந்த வீட்டில் பறவை என்ற பேச்சே கிடையாது. அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம், உங்களுக்குக் கோபம் கலந்த வணக்கம்.

இப்படிக்கு,
பட்டுச்சேலை இழந்த தங்கை,
ஜெயமேரி

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன், அந்தச் சீவன் பிழைத்துக் கிடக்கிறதா என்று பார்த்துவிடலாமென்று இன்று காலை இவருக்குத் தெரியாமல் செம்பட்டி பஸ் ஏறினேன். கரையில் ஒருவரும் இல்லை. வெகுநேரம் கழித்து அது மூக்கை வெளியே எடுத்தது, அண்ணா. தண்ணீருக்குள் இருந்த நிழலும் எடுத்தது. இரண்டும் குனிந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. என் போனில் பிடித்தேன், கட்டைவிரல்தான் விழுந்திருக்கிறது. நாளைக்கும் போகிறேன். மேரி எங்கே என்று இவர் உங்களுக்குப் போன் போட்டால், ஜெபக்கூட்டத்துக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிடுங்கள்.