தங்கை கல்யாணத்தில் எட்டுக் காலிப் பெட்டிகள்

கலைஞன் என்று சொல்லிக்கொண்டு திரிந்த நாளில் நான் நாசமாக்கியது ஒரே ஒரு குடும்பத்தைத்தான். அது என் குடும்பம் என்பதால் போலீஸ் கேஸ் ஆகவில்லை.

மேடையில் கண்டதையும் தட்டிக் கத்துவதற்கு 'பெர்ஃபாமன்ஸ்' என்று பெயர் என்பதைச் சென்னையில் கற்றுக்கொண்டு ஏற்காட்டுப் பக்கம் எங்கள் ஊர் வெள்ளக்கடைக்குத் திரும்பியிருந்தேன். (வேலை கிடைக்காமல் திரும்பினான் என்றது ஊர். ஊர் சொன்னதுதான் சரி.) அப்போது தங்கை கவிதாவுக்குச் சேலத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பெண் பார்க்க வந்தவர்களிடம் அவளே சொல்லிவிட்டாள்: "சீர் ஒன்னும் கொண்டுவர மாட்டேனுங்க அத்தை. அப்பாவுக்கு இருக்கறதே ரெண்டு ஏக்கரு காப்பித் தோட்டந்தானுங்க."

"நீ வந்தாப் போதும் கண்ணு" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. தங்கமான மனுஷி.

நான் சும்மா இருந்திருக்கலாம். சீர் வாங்காத கல்யாணத்தைக் கொண்டாடி, பொருள் வாங்கிக் குவிக்கிற உலகத்தின் முகத்தில் காறித் துப்ப ஒரு பாட்டு எழுதினேன். ஏற்காடு கடைவீதியில் கெஞ்சிக் கூத்தாடி, ஃப்ரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷின், கிரைண்டர் என்று எட்டுக் காலி அட்டைப்பெட்டிகளை வாங்கினேன். அவைதான் என் வாத்தியங்கள். விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. (சொன்னால் கலை கெட்டுவிடுமாம்!)

கல்யாணத்துக்கு முதல்நாள் சாயங்காலம் வரவேற்பு. மண்டபத்து மேடையில் பெட்டிகளை அடுக்கினேன். எங்கள் பக்கம் கல்யாண மேடையில் பெட்டி அடுக்கினால் அது சீர்தான், வேறெதுவும் இல்லை. இது ஊரில் எல்லாருக்கும் தெரியும், என்னைத் தவிர. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பெட்டிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

"ஏனுங்கக்கா, வேண்டாம்னு சொல்லியும் எத்தன செஞ்சிருக்கறாங்க பாருங்க! நொம்பப் பெரிய மனசுங்க" என்று கவிதாவின் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

நான் மைக்கைப் பிடித்து "வேண்டாம்! வேண்டாம்!" என்று கத்தினேன். பெட்டிகளைத் தட்டினேன். கடைசியில் ஒவ்வொன்றாக உதைத்துக் கிழித்தேன். எட்டும் காலி.

ஒரு கைத்தட்டல் இல்லை. மாமியார் தலையைக் குனிந்துகொண்டார். மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்தார். "காலி டப்பாவ அடுக்கி எங்களக் கேவலப்படுத்தறீங்களா? கெளம்புங்கப்பா எல்லாரும்!"

அப்பா மேடையேறிக் கைகூப்பினார். "டப்பா மட்டும் முன்னால வந்திருச்சுங்க. தாலி கட்டறதுக்குள்ள சாமான் வந்துருமுங்க." நான் அறிய அவர் சொன்ன முதல் பொய் அது.

காப்பிக்கு நிழலாக நின்ற சில்வர் ஓக் மரங்களை அன்று ராத்திரியே வியாபாரியிடம் விலை பேசிப் பணம் வாங்கினார். காலையில் எட்டுச் சாமானும் வந்து இறங்கின. அடுத்த கோடையில் செடிகள் கருகின. இன்று அப்பா வேறொருவர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

இப்போதெல்லாம் நான் எதைக் கொடுத்தாலும் கவிதா காதருகில் வைத்துக் குலுக்கிப் பார்த்துத்தான் வாங்குவாள். போன தீபாவளிக்கு ஜாங்கிரிப் பெட்டியை நீட்டினேன். குலுக்கினாள்.

"உள்ள ஏதாச்சும் இருக்குதா கவிதா?" என்றார் மாப்பிள்ளை. வீடே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அப்பா மட்டும் அவசரமாக எழுந்து நின்று, "இருக்குதுங்க மாப்ள, இருக்குதுங்க" என்றார்.